மார்கழியும் ஸ்டார்ட்டிங் ட்ரபிளும்

மார்கழி பிறந்துவிட்டால் மனுஷனுக்கும் வண்டிக்கும் ஒரே வியாதிதான். காலையில் எழுந்திருக்க மனசே வராது. மனுஷனையாவது போர்வையை உருவி, நாலு சத்தம் போட்டு எழுப்பிவிடலாம். வண்டியை என்ன செய்வது? உதைக்கத்தான் வேண்டும். உதைத்தும் எழவில்லை என்றால்?

‘தேனிப் பக்கம் என்னய்யா குளிரு?’ என்று சென்னை நண்பர்கள் சிரிப்பார்கள். கம்பம் பள்ளத்தாக்கின் தரையில் நின்று பார்த்தால் அவர்கள் சொல்வது சரிதான். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று திராட்சையும் வாழையும் நெல்லும் விளைகிற பூமி. மார்கழியில் காதைக் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போகிற அளவுக்குத்தான் குளிர். ஆனால், இந்தப் பள்ளத்தாக்கின் பிழைப்பில் பாதி மேலே மலையில் இருக்கிறது. போடியில் நிற்கும்போது நீங்கள் கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்துச் சொச்சம் அடி உயரத்தில் இருக்கிறீர்கள். 17 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிப் போடிமெட்டு ஏறினால் 4,000 அடிக்கு மேல். ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் சுமார் ஆறரை டிகிரி சூடு குறையும் என்பது பொதுக் கணக்கு. அதற்கும் அப்பால் மூணாறில் சில ஜனவரிகளில் பாதரசம் பூஜ்யத்துக்குக் கீழேயே போய், புல்வெளி மேல் உப்புக் கொட்டினது மாதிரி உறைபனி படிந்து கிடக்கும். ‘தைப் பனி தரையைத் துளைக்கும்’ என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

அந்த மலைக்குத்தான் தினமும் விடிவதற்கு முன்னால் ஜீப்புகள் கிளம்புகின்றன. போடி, தேவாரம், கம்பம், கூடலூர் என்று பல ஊர்களிலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு. பெரும்பாலும் பெண்கள். கையில் தூக்குவாளி, தலையில் துண்டு, தோளில் மழைக்காகிதம். ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து உலை வைத்து, பிள்ளைகளுக்கும் எடுத்துவைத்து, தனக்கும் கட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்து நிற்பார்கள். அந்த நேரத்தில் ஜீப் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், அது வண்டியின் பிரச்னை மட்டும் இல்லை. ஒரு நாள் கூலியின் பிரச்னை.

போடியில் எனக்கு ஒரு மெக்கானிக் அண்ணன் பழக்கம். ஜீப்பும் பார்ப்பார், இரண்டு சக்கரமும் பார்ப்பார். படிப்பு எட்டாவதைத் தாண்டவில்லை. ஆனால், ‘ஸ்டார்ட் ஆகலைண்ணே’ என்று யாராவது வந்து நின்றால், டாக்டர் மாதிரி முதலில் கேள்விதான் கேட்பார். ஸ்பேனரைத் தொடவே மாட்டார்.

“செல்ஃப் எடுக்குதா? எடுத்துட்டுப் பிடிக்கலையா? இல்ல, பிடிச்சுட்டு நிக்குதா? மூணுல என்னண்டு மொதல்ல சொல்லு.”

கேட்டால் சாதாரணமாகத் தெரியும். ஆனால், குளிரில் வண்டி மக்கர் பண்ணும் விவகாரத்தில் முக்கால்வாசி இந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடுகிறது.

செல்ஃப் ‘நர்ர்... நர்ர்...’ என்று தூக்கக் கலக்கத்தில் சுற்றினாலோ, ‘டிக்’ என்று ஒரே சத்தத்தோடு நின்றுவிட்டாலோ, விஷயம் கரன்ட்டில் இருக்கிறது. பேட்டரி என்பது ஒரு ரசாயனப் பெட்டி. குளிரில் அந்த ரசாயன வேலை மந்தமாகும். அதே நேரம் இன்ஜின் ஆயில் குளிரில் கெட்டிப்பட்டு விளக்கெண்ணெய் மாதிரி ஆகிவிடுவதால், இன்ஜினைச் சுற்றுவதற்கு வழக்கத்தைவிட அதிக பலம் வேண்டும். பலம் குறைகிற நேரத்திலேயே பாரம் கூடுகிறது. வெயில் காலத்தில் எப்படியோ ஓட்டிக்கொண்டிருந்த கிழட்டு பேட்டரி, மார்கழியில் படுத்துக்கொள்வதன் ரகசியம் இதுதான்.

ஆனால், அண்ணன் உடனே ‘பேட்டரி மாத்து’ என்று சொல்லமாட்டார். முதலில் டெர்மினலைப் பார்ப்பார். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளில் சுரண்டி, இறுக்கி முடுக்குவார். அப்புறம் பாடிக்குப் போகிற எர்த் வயர். “பத்துல நாலு பேட்டரி நல்ல பேட்டரிதான் தம்பி. அழுக்குக்காக அதைக் காயலான் கடைக்கு அனுப்பிடுறாய்ங்க” என்பார். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி என்று நாம் சொன்னாலும், நல்ல சார்ஜில் சும்மா இருக்கும்போது அது 12.6 வோல்ட் காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது பத்துக்கும் கீழே விழுந்தால்தான் பேட்டரி மேல் சந்தேகம்.

செல்ஃப் ஜோராகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. இது இரண்டாவது ரகம். இங்கே டீசலுக்கு ஒரு வழி, பெட்ரோலுக்கு ஒரு வழி.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைச் சுமார் இருபதில் ஒரு பங்காக அமுக்கினால் அது 500 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். சைக்கிள் பம்ப்பில் காற்று அடிக்கும்போது அடிப்பாகம் சுடுகிறதே, அதே சங்கதி. அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். குளிர்ந்து கிடக்கிற இரும்புச் சுவர் அந்தச் சூட்டை உறிஞ்சிவிட்டால்? பற்றாது. அதற்காகத்தான் பழைய ஜீப்புகளில் ஹீட்டர் பிளக். மஹிந்திராவின் எம்.எம். 540 மாதிரி வண்டிகளில் இருந்தது பெஷோ டீசல் இன்ஜின். அந்த ரக இன்ஜினில் டீசல் முதலில் ஒரு குட்டி அறைக்குள் எரிய ஆரம்பிக்கும். அந்த அறையை முன்கூட்டியே சூடு பண்ணி வைப்பது ஹீட்டர். சாவியைப் பாதி திருப்பி, இருபது எண்ணி, அப்புறம்தான் செல்ஃப் அடிக்க வேண்டும். பொறுமையில்லாத டிரைவர் ஐந்து எண்ணுவதற்குள் அடித்துவிட்டு, ‘வண்டி சரியில்லை’ என்பார்.

ஒரு தை மாதக் காலை. நான் ஊருக்குப் போயிருந்தேன். அஞ்சரை மணி இருக்கும். அண்ணன் வீட்டு முன்னால் ஓர் இளவட்ட டிரைவர் மூச்சிரைக்க வந்து நின்றான். ஜீப் ரோட்டில் நிற்கிறது, செல்ஃப் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பின்னாடியே நானும் போனேன். ஜீப்பைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பெண்கள். குளிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

“அடிச்சுப் பாரு” என்றார் அண்ணன். அவர் பானெட் பக்கம் போகவில்லை. நேராகப் பின்பக்கம் போய், புகைக்குழாய்க்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். செல்ஃப் சுற்றச் சுற்ற, குழாயிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. மூக்கைச் சுளித்து மோந்து பார்த்தார்.

“டீசல் வருது மாப்ள. எரியத்தான் மாட்டேங்குது. ஹீட்டரைப் பாரு.”

இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டீசல் வண்டியில் செல்ஃப் அடிக்கும்போது வெள்ளைப் புகை வந்தால், டீசல் உள்ளே போய் ஆவியாகி, எரியாமல் வெளியே வருகிறது என்று அர்த்தம். சூடு போதவில்லை. ஹீட்டரையோ கம்ப்ரஷனையோ பார்க்க வேண்டும். புகையே வரவில்லை என்றால் டீசலே போகவில்லை. ஏர் லாக், ஃபில்டர் அடைப்பு, தண்ணீர், இதையெல்லாம் பார்க்க வேண்டும். குழாயைப் பார்த்த ஒரு பார்வையில் பாதி இன்ஜினைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

அண்ணன் ஒரு பல்பும் இரண்டு வயரும் வைத்திருந்தார். ஹீட்டர் இணைப்பைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து பல்பு வழியாக ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தொட்டார். நாலு முறை தொட்டார், நாலு முறையும் பல்பு எரிந்தது. நாலு பிளக்கும் உயிரோடுதான் இருக்கின்றன. அப்படியானால் பிளக்குக்கு வருகிற கரன்ட் எங்கேயோ நிற்கிறது. ரிலேயிலிருந்து வருகிற வயரைக் கையால் ஒரு தடவு தடவினார். முனையில் பச்சைப் பாசி. பேனாக்கத்தியால் சுரண்டி, நெளித்து மாட்டினார்.

“இப்ப சாவியைப் போட்டு இருபது எண்ணு. நெசமா எண்ணணும்.”

அவன் எண்ணுவதற்கு முன்னால் அந்தப் பெண்கள் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். பத்தொன்பது, இருபது. வண்டி இரண்டு இருமல் இருமிவிட்டு, ‘டக டக’வென்று எழுந்துகொண்டது. ஒரு பாட்டி கையெடுத்துக் கும்பிட்டது. அண்ணனையா, ஜீப்பையா தெரியவில்லை.

ஆனால், நேரம் ஆறைத் தாண்டியிருந்தது. “தோட்டத்துல நேரத்துக்குப் போகலைண்டா கங்காணி திருப்பி அனுப்பிருவாரு. வெரசா போப்பா” என்றார் ஒரு அம்மா. டிரைவரும் கியரைப் போட்டான். அண்ணன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்.

“இங்க விட்ட அரை மணியை மேல வளைவுல பிடிக்கலாம்ண்டு நெனைக்காத. பைய போ. ஒரு நா கூலிதான போகும்.”

அந்த அம்மா பட்டென்று திரும்பிச் சொன்னார்: “ஒரு நா கூலிண்டா ஒங்களுக்கு லேசா இருக்கா?”

அண்ணனால் பதில் சொல்ல முடியவில்லை. எனக்கும் இல்லை. ஜீப் போய்விட்டது.

அந்த மலைப் பாதைகளில் தொழிலாளர் ஜீப்புகள் கவிழ்ந்த செய்திகளைப் பேப்பரில் படிக்கிறபோது, ‘அதிவேகம், அதிக ஆட்கள்’ என்று இரண்டு காரணம் போட்டிருப்பார்கள். அந்த அதிவேகம் எங்கே ஆரம்பித்தது என்று யாரும் எழுதுவதில்லை. சில நாட்களில் அது, விடியற்காலையில் பாசி பிடித்த ஒரு வயரில் ஆரம்பித்திருக்கலாம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

பெட்ரோல் வண்டிக்கு வருவோம். பெட்ரோல் திரவமாக எரிவதில்லை. அதன் ஆவிதான் எரியும். குளிரில் ஆவி குறைவாகத்தான் எழும்பும். சாதாரணமாக ஒரு கிராம் பெட்ரோலுக்குப் பதினைந்து கிராம் காற்று என்கிற கணக்கில் கார்புரேட்டர் கலந்து கொடுக்கிறது. குளிரில் அந்தப் பெட்ரோலில் கொஞ்சம்தான் ஆவியாகும் என்பதால், காற்று வருகிற வழியை அடைத்து, பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். சோக் என்பது அதுதான். பஜாஜ் சேட்டக் வைத்திருந்த அப்பாக்கள் காலையில் ஸ்கூட்டரை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டு உதைத்ததும், பழைய புல்லட்டில் கார்புரேட்டர் பக்கத்திலிருக்கும் குட்டிக் குமிழைப் பெட்ரோல் கசியும்வரை அமுக்கியதும் அதே காரணத்துக்காகத்தான். புல்லட்டில் அதோடு முடியாது. ஆம்பியர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக அமுக்கி, டீகம்ப்ரஸரைப் பிடித்து இம்மி நகர்த்தி, விட்டு, அப்புறம் ஓங்கி ஒரே உதை. முறை தப்பினால் கிக்கர் திருப்பி உதைக்கும். கணுக்கால் வீங்கினவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

நம் பக்கத்துத் தோட்டத்துப் பாதைகளுக்கு ராஜா, டி.வி.எஸ். மொபெட்தான். 1980-ல் டி.வி.எஸ். 50 வந்த நாளிலிருந்து உர மூட்டையும் புல்லுக் கட்டும் வாழைத்தாரும் அதில்தான் போயின. எக்ஸ்.எல். இப்போது ஃபோர் ஸ்ட்ரோக் ஆகிவிட்டது. ஆனாலும், பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. அதற்குப் பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். ஐம்பதுக்கு ஒன்று என்றால், லிட்டருக்கு 20 மில்லி. ‘இன்ஜினுக்கு நல்லது’ என்று பாசத்தில் அள்ளி ஊற்றினால், குளிர் காலையில் பிளக் கரி பிடித்து, எண்ணெய் வழிந்து, பொறி தட்டாது.

பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது ஒரு நல்ல ஜோசியம். நாலு உதை உதைத்தும் வண்டி எழவில்லை என்றால், ஐந்தாவது உதைக்குப் பதிலாக ஸ்பேனரை எடுங்கள். பிளக் முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. டேப், பைப், ஜெட் என்று பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி இல்லை. அல்லது அளவுக்கு மேல் சோக் போட்டு இன்ஜினை முழுக்காட்டிவிட்டீர்கள். பெட்ரோல் டேப்பை மூடி, சோக்கை எடுத்துவிட்டு, பிளக் இல்லாமல் முழு ஆக்ஸிலேட்டரில் பத்து உதை உதைத்தால் உள்ளே தேங்கினது வெளியேறிவிடும். பிளக்கின் வயர் மட்டும் வண்டியின் இரும்பில் படாமல் தள்ளியிருக்கட்டும். பக்கத்தில் பீடி பிடிப்பவர் யாரும் இருக்கக் கூடாது. பிளக்கைத் துடைத்து மாட்டுங்கள். பெரும்பாலும் எழுந்துவிடும்.

இன்னொரு சூட்சுமம். போடியில் டியூன் பண்ணின வண்டி பூப்பாறையில் மூக்கடைத்த மாதிரி இழுக்கும். அந்த உயரத்தில் காற்று பத்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு. பெட்ரோல் அதே அளவு, காற்று கம்மி. அங்கே போய், கீழே போடுகிற அதே கணக்கில் சோக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தால், முழுக்காட்டுவது நிச்சயம்.

2020 ஏப்ரலிலிருந்து பி.எஸ். 6 வண்டிகள். இரண்டு சக்கரத்திலும் கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. சோக்கை இழுக்கிற வேலையே இல்லை. இன்ஜின் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று ஒரு சென்சார் சொல்லும். அதைக் கேட்டு கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். ‘அப்ப உங்க வைத்தியம் பழசாகிருச்சேண்ணே’ என்று அண்ணனைச் சீண்டினேன்.

“சென்சார் பொய் சொன்னா என்ன பண்ணுவ? குளுந்து கெடக்குற இன்ஜினைச் சூடா இருக்குண்டு சொல்லுச்சுண்டா, அதுவும் சோக் போடாம உதைக்கிற கதைதான். கேள்வி அதே கேள்வி தம்பி. பதில் சொல்ற ஆளு மாறியிருக்கான்” என்றார்.

நம்முடையது பனி. பனிக்கட்டி தேசங்களில் இந்தச் சங்கடம் இன்னும் பெரிது. டீசலிலேயே மெழுகுச் சத்து இருக்கிறது. கடும் குளிரில் அது உறைந்து ஃபில்டரை அடைத்துவிடும். லடாக்குக்காக 2019-ல் இந்தியன் ஆயில் கம்பெனி, மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது அதனால்தான். குல்மார்க்கில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு பனிமேல் ஓடும் ஸ்னோமொபைலைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். முன்னால் சறுக்குக் கட்டை, பின்னால் ரப்பர் பெல்ட். அவற்றில் பலவற்றுக்கு நம் பழைய மொபெட் மாதிரியே டூ ஸ்ட்ரோக் இன்ஜின். நனைந்த பிளக், கெட்டியான ஆயில், சோர்ந்த பேட்டரி என்று வியாதிகளும் அதேதான்.

பனிமேல் ஓடும் வண்டிகளுக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் கனடாவின் ஜோசப் அர்மான் பொம்பார்டியே. கியூபெக் கிராமத்து மெக்கானிக். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்கு வயிற்றில் சீழ் வைத்துக் கடும் நோவு. ரோடெல்லாம் பனி மூடிக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. அவர் செய்துகொண்டிருந்த பனி வண்டி அந்த நேரம் பட்டறையில் ஓடும் நிலையில் இல்லை. பிள்ளை இறந்துவிட்டது. அதற்குப் பிறகும் அந்த மனிதர் பட்டறையை விடவில்லை. 1937-ல் தன் பெல்ட் முறைக்குக் காப்புரிமை வாங்கி, பலர் உட்கார்ந்து போகும் பனி பஸ்களைச் செய்தார். 1959-ல் ‘ஸ்கி-டூ’ என்ற சின்ன வண்டி வந்தது.

இந்தக் கதையை அண்ணனிடம் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டவர், கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “மேல எஸ்டேட்ல இருந்து ராத்திரி பிரசவ வலியோட பொம்பளைங்களை எறக்கிக்கிட்டு வர்றதும் இந்த ஜீப்புகதான் தம்பி” என்று மட்டும் சொன்னார்.

செய்யக் கூடாதவை சிலவும் உண்டு. பத்து வினாடிக்கு மேல் செல்ஃபைத் தொடர்ந்து அடிக்காதீர்கள். அரை நிமிஷம் மூச்சு வாங்க விடுங்கள். ஹீட்டர் வைத்த டீசல் இன்ஜினில், பெட்ரோல் நனைத்த துணியையோ ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயையோ காற்றுக் குழாயில் காட்டாதீர்கள். நேரம் தப்பி வெடித்து, பிஸ்டனையே உடைத்துவிடும். நம் ஊரில் ஜீப்பை இறக்கத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல்லை வைத்து, காலையில் உருட்டி ஸ்டார்ட் பண்ணுகிற பழக்கம் ஒன்று உண்டு. அவசரத்துக்கு அது உதவும். ஆனால், ஆட்களை ஏற்றிக்கொண்டு அதைச் செய்யவே கூடாது. பூஸ்டர் பிரேக் உள்ள வண்டியில் இன்ஜின் ஓடாவிட்டால் பிரேக் கல் மாதிரி இறுகிவிடும். உருள ஆரம்பித்த வண்டி இன்ஜின் பிடிக்கும்வரை யார் பேச்சையும் கேட்காது.

அண்ணனின் கணக்கில், காலை ஸ்டார்ட்டிங் ட்ரபிளுக்கு வைத்தியம் பார்க்கிற நேரம் முந்தின நாள் சாயங்காலம். டெர்மினலை ஒரு பார்வை, ஹீட்டர் வயரை ஓர் இழுப்பு, டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீரை இறக்கி ஒரு சொட்டு. பத்து நிமிஷம் ஆகாது. தெரிந்த டிரைவர்களுக்கெல்லாம் மார்கழி முதல் தேதி ஞாபகப்படுத்துவார். அதற்குக் காசு வாங்க மாட்டார்.

வண்டியின் பங்கு அவ்வளவுதான். மிச்சம், தோட்டத்து முதலாளிகளின் பங்கு. பனிக் காலம் இரண்டு மாதம். வண்டி மக்கர் பண்ணின அன்றைக்கு, வந்து சேர்கிற பெண்களைத் திருப்பி அனுப்பாமல், அரை மணி தாமதத்தை அரை மணியாகவே கணக்கில் எழுதிக்கொண்டால், அந்த டிரைவருக்கு வளைவில் அதை மீட்க வேண்டிய அவசியம் இருக்காது. ‘வெரசா போப்பா’ என்று அந்த அம்மாவும் சொல்லியிருக்க மாட்டார். கிலோக் கணக்கில் போடி ஏல மையத்தில் விலை போகிற பச்சை ஏலக்காயில், அந்த அரை மணி நேரத்துக்கு இடம் இல்லாமலா போய்விடும்?